இந்த மாதம் என்ன வாங்கினீங்க?

நாலு பேர் கூடினால் நம் வீடுகளில் வரும் கேள்விகள் தெரிந்தவைதான். தங்கம் என்ன விலை? மகன் எங்கே வேலை? சிங்கப்பூர் வெள்ளி இன்று எவ்வளவு? எங்கள் கூட்டத்தில் மட்டும் முதல் கேள்வி வேறு. "இந்த மாசம் என்ன ஆல்பம் வாங்கினீங்க? அடுத்து என்ன வாங்கப் போறீங்க?"

கைப்பேசியில் ஒரு விரல் தட்டினால் உலகத்துப் பாட்டெல்லாம் வந்து கொட்டுகிற காலத்தில், காசு கொடுத்துத் தட்டும் கேசட்டும் வாங்குகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். ஜொகூரிலேயே இருக்கிறார்கள். வானொலி அறிவிப்பாளராக நான் தினமும் பாடல்களோடு பழகுகிறேன். ஆனாலும் ஒரு பாடலுக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் கூட்டம்தான்.

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். சங்கம் இல்லை, தலைவர் இல்லை, சந்தா இல்லை. மாதத்தில் ஒரு நாள் ஸ்கூடாயில் ஒரு நண்பர் வீட்டு வரவேற்பறையில் கூடுவோம். குளுவாங்கிலிருந்து ஓர் ஆசிரியர் வருவார். பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் பொறியாளர் ஒருவர் உண்டு. தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் தாதி ஒருவர். சிகாமட் பக்கம் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். எங்களுக்கெல்லாம் அவர் "ஐயா". முன்பு ஜொகூரில் வெள்ளி, சனி விடுமுறை; சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சனி, ஞாயிறு. எல்லாருக்கும் பொதுவாக ஒரு சனிக்கிழமைதான் கிடைக்கும், அதிலும் பாதிப் பேருக்குக் கல்யாணமோ காதுகுத்தோ இருக்கும். 2025 ஜனவரி முதல் ஜொகூரிலும் வார விடுமுறை சனி, ஞாயிறாக மாறியதும் ஞாயிற்றுக்கிழமையை எங்கள் நாளாக்கிக்கொண்டோம்.

விதிமுறை மூன்றே மூன்று. வாங்கியதைக் கையில் கொண்டுவர வேண்டும். ஏன் வாங்கினோம் என்று சொல்லி ஒரு பாட்டைப் போட வேண்டும். அடுத்து வாங்க நினைப்பதைச் சொல்ல வேண்டும், விலையோடு. மூன்றாவது விதிதான் முக்கியம். வாங்கும் முன்பே சொல்லிவிட்டால், "அது என்கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ணை எடுத்துக்கோ" என்றோ, "அந்த விலைக்கு வாங்காதீங்க, அது நகல்" என்றோ யாராவது சொல்லிக் காப்பாற்றிவிடுவார்கள்.

மேசைமேல் ஒரு நூற்றாண்டு

மேசையில் பரப்பி வைத்தால் இசையின் வரலாறே வரிசையாகப் படுத்திருக்கும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டு, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். நம் பழைய திரைப்பாடல்கள் பல அந்த நீளத்துக்குள் அடங்கியதற்கு இந்தத் தட்டும் ஒரு காரணம். 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்.பி. தட்டைக் கொண்டுவந்த பிறகு, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பதிய முடிந்தது. அடுத்த ஆண்டு ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்றில் ஓடும் ஏழு அங்குலத் தட்டை இறக்கியது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு திரைப்பாடல்கள் அடங்கிய இ.பி. தட்டுகள் நம் அப்பாக்களின் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தன. 1963இல் பிலிப்ஸ் கேசட், 1982இல் சிடி என்று தட்டு சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது.

ஐயா ஒவ்வொரு மாதமும் ஓர் இ.பி. தட்டோடு வருவார். புதிதாக வாங்குவதில்லை. தோட்டம் தோட்டமாக மாற்றலானபோதெல்லாம் அவரோடு லோரியில் ஏறி இறங்கிய தட்டுகள் அவை. ஒரு நாள் தாதி அக்கா கேட்டார்: "ஐயா, இந்தப் பாட்டு ஃபோன்லயே இருக்கே. இன்னும் சுத்தமா கேக்குமே."

"கேக்கும்மா. ஆனா ஃபோன்ல வயலின் வாசிச்சவன் பேரு இருக்குதா, பாரு."

தேடிப் பார்த்தோம். பாடகர் பெயர் இருந்தது, படத்தின் பெயர் இருந்தது. அவ்வளவுதான்.

திரைப்பாடல் தட்டுகளிலும் வாத்தியக்காரர் பெயர் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தனி ஆல்பம் என்று வரும்போது கதை மாறுகிறது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு அது. அதில் நம்மை உருக்கும் வயலின் வி.எஸ்.நரசிம்மனுடையது. 1988இல் வந்த 'நத்திங் பட் விண்ட்' தொகுப்பில் புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. 2005இல் வந்த 'திருவாசகம்' தொகுப்புக்கு வாசித்தது ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு. ஆங்கில வரிகளில் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸின் பங்கு உண்டு. இதையெல்லாம் எங்கள் குளுவாங் ஆசிரியர் பாடப் புத்தகம் படிப்பதுபோல உறையைத் திருப்பித் திருப்பிப் படித்துத்தான் தெரிந்துகொண்டார். பள்ளியில் இசை மன்றப் பிள்ளைகளுக்கு அந்தச் சிடியையே கொண்டுபோய்க் காட்டினாராம். "சார், இது உண்மையிலேயே தமிழ்ப் பாட்டா?" என்று ஒரு பையன் கேட்டானாம். அந்தக் கேள்விக்காகவே நாற்பது வெள்ளி தகும் என்கிறார்.

நம் அலமாரி

எங்கள் கூட்டத்தில் அதிகச் சத்தம் கிளம்புவது சென்னைத் தட்டுக்கு அல்ல. உள்ளூர்த் தட்டுக்குத்தான்.

நம்முடைய கதையும் சின்னக் கதை இல்லை. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் 'அலிகேட்ஸ்' குழு, மலாய்ப் பாட்டில் நாடு முழுவதையும் கட்டிப்போட்டது. லோகா 2007இல் மறைந்தபோது அழுதவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். டார்க்கி நாகராஜாவின் 'தி கீஸ்' குழுவின் பாட்டுகள் ஒலிக்காத கல்யாண விருந்து ஒரு காலத்தில் அரிது. 1998இல் 'பொயட்டிக் அம்மோ' தங்கள் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். ஆங்கிலம், மலாய், தமிழ், கன்டோனீஸ் என்று நான்கு மொழியிலும் ராப் பாடிய நான்கு பேர் அவர்கள். அதே குழுவின் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரோடு சேர்ந்து 'யோகி பி & நட்சத்ரா'வாக 2006இல் கொண்டுவந்த 'வல்லவன்' ஆல்பம் கடல் தாண்டியது. 1980இல் வந்த 'நிழல்கள்' படப் பாடலை எடுத்து அவர்கள் செய்த 'மடை திறந்து' தமிழ்நாட்டுக் கல்லூரிகள்வரை போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. தமிழ் ராப் என்றதும் இன்று சென்னைப் பிள்ளைகள் பெயரை அடுக்குகிறோம். அந்தப் பாதையை வெட்டியதில் மலேசியக் கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பெயர் பெற்றவர்கள் கதை இது. அவர்கள் பாட்டு எப்படியும் எங்காவது இருக்கும். எங்கள் கவலை மற்றவர்களைப் பற்றியது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த நாட்டில் எத்தனையோ இளைஞர்கள் சொந்தக் காசைப் போட்டுக் கேசட் வெளியிட்டார்கள். தோட்டத்துத் திருவிழா மேடையில் வளர்ந்த இசைக்குழுக்கள், கோயில் பக்திப் பாடல்கள், காதல் தோல்விப் பாடல்கள் என்று பலவகை. சில நூறு பிரதிகள் போடுவார்கள். தெரிந்த கடைகளில் கொடுப்பார்கள். விற்றது போக மிச்சம் சொந்தக்காரர் வீட்டுப் பெட்டியில் கிடக்கும். மூலப் பதிவு எங்கே என்று இன்று பாடியவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட பாட்டுக்கு, யார் வீட்டு அலமாரியிலோ தப்பிக் கிடக்கும் ஒரு கேசட்தான் ஆதாரம். அந்த ஒன்றும் போனால் பாட்டே போயிற்று.

இது மிகைப்படுத்தல் இல்லை என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். சென்ற ஆண்டு என் நிகழ்ச்சிக்கு மாசாயிலிருந்து ஒரு பெண்மணி அழைத்தார். தொண்ணூறுகளில் வந்த ஓர் உள்ளூர்ப் பாடலைக் கேட்டார். எங்கள் கணினியில் அது இல்லை. "பரவாயில்லை மா" என்று வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் வைக்கவில்லை. "அதுல தபேலா வாசிச்சது எங்கப்பா. போன மாசம் தவறிட்டாரு. என் பிள்ளைங்க தாத்தா வாசிச்சதைக் கேட்டதே இல்லை" என்றார்.

அந்த மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். யாரிடமும் அந்தக் கேசட் இல்லை. ஆனால் செய்தி கைமாறிக் கைமாறிப் போய், மூன்று வாரம் கழித்து மூவாரில் ஒருவர் வீட்டில், பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் கிடைத்தது. நாடாவில் லேசாகப் பூஞ்சை. எங்கள் பொறியாளர் அதைப் பொறுமையாகத் துடைத்து, வேறு ஓட்டுக்கு மாற்றி, கணினியில் பதிவு செய்தார். ஒலி சுமார்தான். உள்ளட்டையில் சின்ன எழுத்தில் வாத்தியக் கலைஞர்கள் பட்டியல் இருந்தது. அந்தப் பெண்மணிக்குப் பாட்டையும் உள்ளட்டையின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். பாட்டைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அப்பாவின் பெயர் இருந்த வரியை மட்டும் பெரிதாக்கி, எனக்கே திருப்பி அனுப்பினார்.

ஆல்பம் வாங்குவதைப் பணக்காரப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் அந்தப் படத்தைத்தான் நான் காட்டுவேன்.

வாடகைக்கு இசை

ஸ்ட்ரீமிங்குக்கு நாங்கள் எதிரிகள் இல்லை. ஸ்பாட்டிஃபை 2013 ஏப்ரலில் மலேசியாவுக்கு வந்தது. அன்று முதல் எங்களில் பலரும் அதில்தான் புதுப் பாட்டைக் கண்டுபிடிக்கிறோம். ஆனால் அது வாடகை வீடு. வீட்டுக்காரர் சொன்னால் காலி செய்ய வேண்டும். 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபைக்கும் இந்தியாவின் ஜீ மியூசிக் நிறுவனத்துக்கும் உரிம ஒப்பந்தம் முறிந்தபோது, ஏராளமான இந்திப் பாடல்கள் ஒரே நாளில் பயனர்களின் பட்டியல்களிலிருந்து மறைந்துபோயின. 2024இல் இந்தியாவின் விங்க் மியூசிக் செயலியே மூடப்பட்டது. அதில் வருடக்கணக்காகத் தொகுத்த பட்டியல்கள் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த எண்ணம் உலகம் முழுவதும் பரவியிருக்கிறது போலும். 2022இல் அமெரிக்காவில் சுமார் 4 கோடியே 10 லட்சம் இசைத்தட்டுகள் விற்றன. சிடிகள் 3 கோடியே 30 லட்சம்தான். எண்ணிக்கையில் தட்டு சிடியை முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல் முறை. 2008 முதல் ஆண்டுதோறும் ஏப்ரலில் 'ரெக்கார்ட் ஸ்டோர் டே' கொண்டாடுகிறார்கள். அன்று சிறிய கடைகளுக்கென்றே தனிப் பதிப்புகள் வெளிவரும். வாங்குபவர்களில் பலர் தட்டுக் காலத்தையே பார்க்காத இளைஞர்கள். எங்கள் கூட்டத்திலும் அப்படித்தான். ஆகக் கடைசியாகச் சேர்ந்த தம்பிக்கு வயது 23. முதல் சம்பளத்தில் அவர் வாங்கியது 'ரோஜா' கேசட். அவர் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, 1992இல் வந்தது. கேசட் ஓடவிட அவரிடம் கருவிகூட இல்லை. "வாங்கிட்டேன் கா, இனி பிளேயர் தேடணும்" என்றார். அடுத்த மாதம் ஐயா தன்னிடம் சும்மா கிடந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பணத்தைப் பற்றிப் பேசுவோம்

குடும்பத்தோடு வாழ்கிறவர்கள் பணத்தைப் பேசாமல் இருக்க முடியாது. எங்கள் கூட்டத்தில் விலையை மறைப்பது கிடையாது. வீட்டுக்கடன், காடிக்கடன், பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் இது. "ஒரு மாதத்துக்கு ஓர் ஆல்பம், வாங்கியதை மூன்று முறையாவது கேட்காமல் அடுத்தது கிடையாது" என்று தாதி அக்கா ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அவர் கணவர் முதலில் முணுமுணுத்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டைப் போடுவதே அவர்தானாம்.

ஜொகூர்காரர்களுக்கு ஒரு வசதி, ஒரு சங்கடம். பாலம் தாண்டினால் சிங்கப்பூர். சிராங்கூன் சாலையும் பழைய தட்டுக் கடைகளும் பக்கம்தான். நம்மில் பலர் மின்னல் எஃப்எம்மோடு ஒலி 96.8ஐயும் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் அங்கே ஒரு வெள்ளி இங்கே மூன்று வெள்ளிக்கு மேல். அங்கே மலிவாகத் தெரிவது வீட்டுக்கு வந்து பெருக்கிப் பார்த்தால்தான் சுடும். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல், 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இறக்குமதிப் பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேல் அனுப்புக் கட்டணம். ஒரு தட்டின் விலையைவிட அதை அனுப்பும் செலவு கூடிவிடுவதும் உண்டு. அதனால்தான் "அடுத்து என்ன?" என்று முன்கூட்டியே கேட்டு, ஒரே விற்பனையாளரிடம் மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்குகிறோம். அனுப்புச் செலவு பங்காகிவிடும். மொத்த விலை 500ஐத் தாண்டினால் விதிகள் வேறு என்பதால், பட்டியல் போடும்போதே கணக்குப் பார்த்துவிடுவோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

பழைய தட்டின் தரத்தை ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள். 'விஜி' என்றால் 'வெரி குட்', மிக நன்று என்று பொருள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தத் தரத்தில் கீறல் சத்தம் நன்றாகவே கேட்கும். 'விஜி பிளஸ்' அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் நிம்மதியாகக் கேட்கலாம்.

தட்டில் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடத்துக்கு நடுவே, வழவழப்பான பகுதியில் பொடி எழுத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். எந்த அச்சு என்பதை அதை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். 2000இல் தொடங்கிய 'டிஸ்காக்ஸ்' இணையத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால், உண்மைப் பதிப்பா, எவ்வளவுக்கு விற்றிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். விற்பவரிடம் அந்த எண்ணின் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

மலிவான பெட்டி வடிவ டர்ன்டேபிள்களைப் பார்த்து மயங்க வேண்டாம். சிலவற்றில் ஊசியின் அழுத்தத்தைச் சரிசெய்ய வழியே இருக்காது. பழைய, அரிய தட்டுகளை அவற்றில் போடாமலிருப்பது நல்லது.

நம் ஊர் வெயிலும் மழையும்

இசைத்தட்டுக்கு நம் நாட்டுத் தட்பவெப்பம் பெரிய பகை. வெயிலில் நிறுத்திய காடிக்குள் ஒரு மணி நேரம் விட்டால் போதும், தட்டு அப்பளம்போல் வளைந்துவிடும். பாசார் மாலாமுக்கு இறங்கும் முன் பின்னிருக்கையைப் பாருங்கள். மழைக்காலத்து ஈரத்தில் உறையும் நாடாவும் பூஞ்சை பிடிக்கும். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கக் கூடாது. புத்தகம்போல நேராக நிறுத்த வேண்டும். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை உள்ளே போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். கேசட்டை ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுக்க ஓட்டித் திருப்பிச் சுற்றி வைத்தால் நாடா ஒட்டாது. ஆனால் பூஞ்சை தெரியும் நாடாவை அப்படியே பிளேயரில் போடாதீர்கள். அறுந்துவிடலாம், பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடுத்து என்ன?

கூட்டம் முடியும் நேரம்தான் எனக்குப் பிடித்த நேரம். எல்லாரும் "அடுத்து" சொல்வார்கள். 2025 மார்ச் 8ஆம் நாள் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு இளையராஜா தன் 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றினாரே, அன்றே எங்கள் பொறியாளர் ஓர் உறையில் பணம் போட்டு, "சிம்பொனித் தட்டுக்கு" என்று எழுதி வைத்துவிட்டார். குளுவாங் ஆசிரியர், 1997இல் வந்த ரஹ்மானின் 'வந்தே மாதரம்' ஆல்பத்தின் நல்ல சிடி ஒன்றைத் தேடுகிறார். 23 வயதுத் தம்பி மட்டும் இன்னும் வெளிவராத ஒரு தொகுப்பின் பெயரைச் சொன்னார். ஜொகூர் பாருவிலேயே பாடித் திரியும் ஓர் இளைஞர் குழுவின் முதல் ஆல்பம். முன்பதிவுக்குப் பணம் கட்டிவிட்டாராம்.

"இன்னும் பாட்டே வரலையே, எப்படிப்பா வாங்கின?" என்று ஐயா கேட்டார்.

"நாங்க வாங்கினாத்தான் ஐயா பாட்டே வரும்."

ஐயா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு" என்று நீட்டினார்.

தம்பி சொன்னதில் உண்மை இருக்கிறது. தட்டு அச்சிடும் பல ஆலைகள் 100 பிரதிகளுக்குக் குறைவான ஆர்டரை எடுப்பதில்லை. அந்தப் பணம் முழுவதையும் கலைஞர் முன்கூட்டியே கட்ட வேண்டும். சிடியைக் குறைந்த எண்ணிக்கையில் போடலாம், ஆனாலும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் வாத்தியக்காரருக்கும் கொடுக்க வேண்டும். ஐம்பது பேர் முன்பதிவு செய்தால் ஓர் ஆல்பம் பிழைத்துவிடும். நம்மவர்கள் வெளிநாட்டுத் தளங்கள் வழியாகவும் விற்கலாம். 2008இல் தொடங்கிய 'பேண்ட்கேம்ப்' தளத்தில் விற்பனைத் தொகையில் பெரும்பகுதி கலைஞருக்கே போகிறது. கோவிட் காலத்தில், 2020 மார்ச்சில், சில வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கையே எடுத்துக்கொள்ளாத ஒரு வழக்கத்தையும் அது தொடங்கியது. உள்ளூர்ப் பாடகர் ஒருவரைக் கல்யாண மேடையில் பார்த்துக் கைதட்டும் நாம், "உங்க ஆல்பம் எங்கே கிடைக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் அவருக்கு அது பொன்னாடையைவிடப் பெரிது.

உங்கள் வீட்டுப் பெட்டி

பெரியவர்கள் தவறிய பிறகு வீட்டைச் சுத்தம் செய்யும்போது முதலில் வெளியே போவது இந்தப் பெட்டிகள்தான். பழைய சாமான்காரர் கிலோ கணக்கில் எடுத்துப் போவார். ஜொகூர் பாருவின் பசார் காராட்டில் தரையில் விரித்த பாயில் அப்படி வந்த தட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றின் உறையில் நீலமையில், "கல்யாண நாள் நினைவாக" என்று எழுதி ஒரு தேதியும் போட்டிருந்தது. விலை ஐந்து வெள்ளி.

வீசும் முன் ஓர் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு தட்டையும் கேசட்டையும் முன்பக்கம், பின்பக்கம், உள்ளட்டை என்று கைப்பேசியில் படம் எடுங்கள். உள்ளூர் வெளியீடு என்று தெரிந்தால் தனியே எடுத்து வையுங்கள். யார் பாடியது, யார் வாசித்தது என்று அப்பா அம்மாவிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி உள்ளேயே செருகுங்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால், வேண்டியவர் யாரென்று விசாரியுங்கள்.

கலைஞர்களுக்கும் ஒரு சொல். 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் வைப்புச் சட்டப்படி, இந்த நாட்டில் வெளியிடப்படும் நூல்களோடு ஒலிப்பதிவு போன்ற அச்சிடப்படாத பொருள்களையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். சொந்தக் காசில் ஆல்பம் போடும் நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. ஒப்படைத்தால், நாளை யார் வீட்டுப் பெட்டி கரையான் அரித்தாலும் உங்கள் பாட்டு நாட்டின் கணக்கில் இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்தால், பாட்டைப் போடுவதற்கு முன் உறையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். கோரஸ், தபேலா, கீபோர்ட், ஒலிப்பதிவு என்று பொடி எழுத்தில் வரும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசியுங்கள். அடுத்த தெருவில் இருக்கும் ஒருவரின் பெயர் அதில் இருக்கலாம். இருந்தால், அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் "அடுத்து என்ன?" பட்டியலில் உள்ளூர் ஆல்பம் ஒன்றுக்கும் இடம் வையுங்கள்.